பிழையைத் திருத்தும் முன் அதைப் படியுங்கள்: குழந்தைக்குத் தமிழ் வாசிக்க, எழுதக் கற்றுத்தருபவர்களுக்கு

தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த ஆறு வயதுக் குழந்தை, "நேத்து மழ பேஞ்சதால நாங்க வெளிய போகல" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஒரு வரியில் காலம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, எதிர்மறை இருக்கிறது. எதையும் யாரும் உட்காரவைத்து நடத்தவில்லை. பேச்சு கேட்டுக் கேட்டே வந்துவிடுகிறது. வாசிப்பும் எழுத்தும் அப்படித் தானாக வருவதில்லை. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு வகுப்புகளுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர், மாலை வகுப்பில் உதவ வந்த தன்னார்வலர், வீட்டில் பிள்ளையோடு புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காரும் அம்மா அப்பா என எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். படிகளாகப் பிரித்திருக்கிறேன். ஆனால் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றில்லை. முதல் படி கடைசி வரை கூடவே வரும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிழை செய்தால் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர், பள்ளிக்கு வரும் முன்பே தாங்களாக எழுதத் தொடங்கிய ஆங்கிலக் குழந்தைகளின் எழுத்துப்பிழைகளைத் திரட்டி ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். பெரியவர்கள் கண்ணுக்குக் கிறுக்கலாகத் தெரிந்தவற்றில் தெளிவான ஒழுங்கு இருந்தது. குழந்தைகள் காதில் விழுந்த ஒலியை நுட்பமாகக் கேட்டு, தெரிந்த எழுத்தை வைத்து எழுதியிருந்தார்கள். தமிழ்க் குழந்தைகளும் அப்படித்தான் செய்கிறார்கள். கீழே வரும் பல இடங்களில் அது தெரியும்.

முதல் படி: காதுக்கு நிறையக் கொடுங்கள்

ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஓர் எளிய பெருக்கலாகச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒரு பக்கம், சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் புரிந்து வாசிப்பது. கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வைத்தது முக்கியம். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். பத்தியைக் கடகடவென்று வாசித்துவிட்டு, "என்ன படிச்ச?" என்று கேட்டால் விழிக்கிற பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு எழுத்து வந்துவிட்டது, அந்த மொழி இன்னும் வரவில்லை.

தமிழில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வீட்டில் கேட்கும் தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. "போச்சு" என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்கு "சென்றது" புதிய சொல். "இருக்கு" தெரியும், "இருக்கிறது" தெரியாது. கண்ணால் சந்திக்கும் முன் காதால் அந்தத் தமிழை நிறையக் கேட்டிருந்தால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

அதற்கு வழி, தினமும் கொஞ்ச நேரம் கதை வாசித்துக் காட்டுவது. வரியைப் புத்தகத்தில் இருக்கிறபடியே வாசியுங்கள்: "யானை குளத்துக்குச் சென்றது." அப்புறம் பேசுவதுபோல ஒரு தடவை சொல்லுங்கள்: "யான கொளத்துக்குப் போச்சு." சில நாட்களில் குழந்தையே இரண்டாவதைச் சொல்லத் தொடங்கும். கதையின் நடுவில் நிறுத்தி, "இப்ப என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். முடிந்ததும் நீதி என்ன என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி கதையைப் பரீட்சையாக்கிவிடும்.

வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தையானால் இந்தப் படிக்குப் பல மடங்கு நேரம் கொடுங்கள். பேசத் தெரியாத மொழியில் எழுத்தைக் கற்பது பொருள் தெரியாத ஒலிகளை மனப்பாடம் செய்வதாக முடிந்துவிடும்.

இரண்டாம் படி: ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்குங்கள்

எழுத்து எதுவும் இல்லாமல் வாயாலும் கையாலும் மட்டும் விளையாடும் படி இது. "மரம்" என்று சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முறை தட்டும்: ம, ரம். எழுதும்போதோ மூன்று எழுத்து. கடைசி "ம்" தனியாக ஒலிக்கிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டும். "மரம்னு சொல்லி முடிக்கும்போது உன் உதடு என்ன பண்ணுது?" என்று கேட்டுப் பாருங்கள். உதடு மூடுவதைக் குழந்தை தானே கவனிக்கும்.

அடுத்தது குறில், நெடில். இதைத் தவறவிட்டால் பின்னால் நீண்ட நாள் துரத்தும். கல், கால். பல், பால். விடு, வீடு. குடை, கூடை. எடு, ஏடு. கொடு, கோடு. ஜோடி ஜோடியாகச் சொல்லி, நீட்டிச் சொன்னதற்குக் கையை அகலமாக விரிக்கச் சொல்லுங்கள். நீளம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது என்பது பிடிபட்ட குழந்தைக்குத் துணைக்கால் எதற்கு என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: எழுத்தை எந்த வரிசையில் தருவது

அ, ஆ, இ, ஈ என்று தொடங்குவதுதான் பழக்கம். பாட்டாகச் சொல்ல, அகராதியில் தேட அந்த வரிசை வேண்டும்; அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் வாசிக்கவும் எழுதவும் தொடங்குவதற்கு அது நல்ல வரிசை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். காரணம் இரண்டு. உயிரெழுத்துகள் தம் சொந்த வடிவில் பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே வரும். பன்னிரண்டையும் கற்ற குழந்தையால் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் வாசிக்க முடியாது. இரண்டாவது, அ, இ இரண்டும் சுழித்து வளைத்து எழுத வேண்டிய கடினமான வடிவங்கள். பென்சிலைப் பிடிக்கவே இப்போதுதான் பழகும் விரலுக்கு முதல் வேலையாக அதைக் கொடுப்பது நியாயமில்லை.

ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். கூடவே புள்ளி. உடனே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்காலையும் அ, ஆ இரண்டையும் சேர்த்தால் அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பாடம், ஆட்டம், டப்பா. ஐந்தே எழுத்து, இரண்டு குறி. அதற்குள் குழந்தை உண்மையான சொற்களை வாசிக்கிறது. "நான் வாசிச்சிட்டேன்" என்ற சந்தோஷம் அந்த வயதில் கொடுக்கும் உந்துதலை வேறு எதுவும் கொடுக்காது. அடுத்து க, ல, ர சேர்த்தால் கடல், பகல், கால், பால், மரம்.

வாசிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அ என்ற எழுத்தைப் பார்த்து அடையாளம் கண்டு வாசிக்கட்டும். எழுதுவது இன்னும் சில வாரம் கழித்து வரட்டும்.

ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகளை அடுத்தடுத்துத் தராதீர்கள். ல, வ ஒரு ஜோடி. எ, ஏ இன்னொரு ஜோடி. எல்லாவற்றிலும் சிக்கலானது ண, ன: வடிவமும் நெருக்கம், ஒலியும் நெருக்கம். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே மற்றதைக் காட்டுங்கள்.

247 எழுத்து என்ற எண்ணைச் சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம். சுவரில் மாட்டிய அட்டவணையின் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு தேவைப்படுவதில்லை. ங வரிசையில் "ங்" எப்போதும் வேண்டும். மற்றவை இங்ஙனம், அங்ஙனம் போன்ற ஓரிரு சொற்களோடு சரி. ஔகார வரிசையும் மிகக் குறைவு. வௌவால், கௌதாரி என்று விரல்விட்டு எண்ணலாம். பதினெட்டு மெய்களையும் குறிகளையும் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் சேர்க்கைதான்.

அதற்காக அவசரமும் வேண்டாம். கன்னடம் கற்கும் குழந்தைகளைப் பற்றி சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் முழுமையாகக் கைவருவது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று காட்டியது. ஆங்கிலத்தின் 26 எழுத்தை ஓர் ஆண்டில் முடிப்பதோடு இதை ஒப்பிட்டால் நாம் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறோம். இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தை "ஞை" என்ற எழுத்தில் தடுமாறினால் அது பின்தங்கல் ஆகாது.

நான்காம் படி: குறிகள்

புதிய ஆசிரியர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். "கொடி" என்ற சொல்லை ஒரு குழந்தை வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். விரல் முதலில் கொம்பின் மேல் நிற்கும். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் உங்களைப் பார்க்கும். அப்புறம் க. அப்புறம் துணைக்கால், அதை ர என்று நினைத்துவிடும். கடைசியில் "கெ... ர... டி" என்று வரும். கவனக்குறைவு என்று தோன்றலாம். உண்மையில் குழந்தை நீங்கள் சொன்னபடி இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறது. நம் எழுத்துமுறைதான் அங்கே முறை மாறுகிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ"வில் இரண்டு பக்கமும் நிற்கும் குறிகள் சேர்ந்து ஒரே ஒலி தருகின்றன.

ஆகவே குறிகளுக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் கா, வலது பக்கம் தனியாக நிற்பதால் எளிது. அப்புறம் கி, கீ. பிறகு கெ, கே, கை. இவை பழகிய பின்பே கொ, கோ. ஓர் அட்டையில் க என்ற எழுத்தைப் பெரிதாக எழுதி நடுவில் வைத்துக்கொண்டு, குறிகளைத் தனித்தனித் துண்டுகளில் எழுதி முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுங்கள். க நடுவில் அசையாமல் இருக்க, கொம்பு மட்டும் வந்து ஒட்டும்போது ஒலி மாறுவதைக் குழந்தை கண்ணால் பார்க்கும். "கெ" என்பதை ஒரே துண்டாகப் பார்க்கக் கண் பழகும் வரை இதைச் செய்யுங்கள்.

உகர, ஊகார வரிசை தனிக் கதை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு வடிவம் என்று அட்டவணையைப் பார்த்தால் தோன்றும். உகரத்தை மூன்று கூட்டமாகப் பிரித்தால் சுலபம். ஙு, சு, பு, யு, வு ஒரு கூட்டம். கோடு கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு கூட்டம், வளைந்து சுற்றும். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. கீழே வளைந்து பக்கத்தில் ஒரு கால் எழும். ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று எடுத்தாலும் போதும். ஊகாரத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் இன்னொரு குழப்பம் வரலாம். ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கும் ணா, றா, னா போன்றவற்றுக்கும் முன்பு தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் தம் இதழ்களில் ஏற்கெனவே கையாண்ட சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற பிறகுதான் இன்றைய வடிவங்கள் பாடநூலுக்கு வந்தன. பெரியவர்கள் பழைய வடிவில் எழுதிக் காட்டினால் தவறு என்று சொல்லாமல், "முன்னே இப்படி எழுதினாங்க" என்று சொல்லிவிடுங்கள். குழந்தை எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

புள்ளியை விட்டுவிடுவதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. குழந்தை "அமமா" என்று எழுதியிருந்தால், எழுதியிருப்பதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்: "அ, ம, மா." கேட்டதும் அது சிரித்துக்கொண்டே புள்ளியை வைக்கும். பிழை இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

ஐந்தாம் படி: தடையில்லாமல் வாசிக்க

எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தைக்கு, சொல்லின் கடைசிக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். வரியின் முடிவுக்கு வரும்போது வரியின் தொடக்கம் மறந்துபோகும். பிறகு எங்கே புரிவது? ஆகவே ஒரே பத்தியைப் பலமுறை வாசிப்பது வீண் வேலை இல்லை. ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் இதை ஒரு முறையாகவே எழுதினார்: சின்னப் பத்தி ஒன்றைக் குழந்தை தானாகச் சரளமாகச் சொல்லும் வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ஐம்பது அறுபது சொல் கொண்ட பத்தி போதும். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு சேர்ந்து, பிறகு குழந்தை தனியாக. கடிகாரத்தை வைத்துப் போட்டி நடத்த வேண்டாம். வேகத்தைத் துரத்தும் பிள்ளை சொல்லை ஊகிக்கத் தொடங்கிவிடும்.

ஊகிப்பது தனியாகக் கவனிக்க வேண்டிய பழக்கம். படத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, சொல்லின் முதலில் ப இருக்கிறது, உடனே "பள்ளி" என்று சொல்லிவிடும். எழுதியிருப்பது "பாடம்". சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். விரலை துணைக்காலுக்குக் கீழே வைத்து, கொஞ்சம் காத்திருங்கள். டேவிட் ஷேர் என்ற ஆய்வாளர் 1995இல் விளக்கியதுபோல, குழந்தை ஒரு புதிய சொல்லைத் தானே எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் வடிவம் மனதில் பதிகிறது. நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

தமிழில் சொற்கள் நீளும். "படித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பதைப் பார்த்ததுமே மலைத்துப்போகும் பிள்ளைகள் உண்டு. பென்சிலால் மெல்லிய கோடு போட்டு மூட்டுகளில் பிரித்துக் கொடுங்கள்: படித்துக் / கொண்டிருக் / கிறார்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் குழந்தையே கோடு போடக் கற்றுவிட வேண்டும். கிறார்கள், கிறது, வில்லை, க்காக போன்ற வால்கள் ஆயிரம் சொற்களில் திரும்ப வருபவை. வாலை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுவிட்டால், மிச்சம் வாசிக்க வேண்டியது தலை மட்டும்தான்.

ஆறாம் படி: எழுத்துப்பிழை எங்கிருந்து வருகிறது

தமிழ் எழுத்துப்பிழைகள் பெரும்பாலும் மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் பத்து முறை எழுது என்பது எந்த வகைக்கும் மருந்தாகாது. ஐந்தாவது முறை எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது, கண் வேறெங்கோ இருக்கிறது.

முதல் வகை, பேசுவதுபோல எழுதுவது. ஒரு குழந்தையின் நோட்டில் எல, ஒடம்பு, கொடம், எடம், மொகம் என்று இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து பிழை என்று எண்ணாதீர்கள். ஒரே பழக்கம் ஐந்து இடத்தில் வந்திருக்கிறது. இலை, உடம்பு, குடம், இடம், முகம் ஆகிய சொற்களில் முதலில் இகரமோ உகரமோ இருக்கிறது. நடுவில் ஒற்றை மெய். அடுத்து அகரமோ ஐகாரமோ வருகிறது. அந்தச் சூழலில் பேச்சுத்தமிழ் இகரத்தை எகரமாகவும் உகரத்தை ஒகரமாகவும் மாற்றிவிடுகிறது. கிளி, புலி என்று எழுதும்போது அதே குழந்தைக்குப் பிழை வராது, ஏனென்றால் அங்கே அடுத்து வருவது இகரம். குழந்தையின் காது எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள். இந்த விதியைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும். குழந்தையிடம், "பேசும்போது ஒடம்பு, எழுதும்போது உடம்பு" என்று ஜோடியாகச் சொல்லி, இரண்டு நெடுவரிசை போட்டு எழுதவையுங்கள். காத்து, காற்று. நேத்து, நேற்று. ஒண்ணு, ஒன்று. அஞ்சு, ஐந்து. கல்லு, கல். எந்த வரிசையும் தப்பு இல்லை. வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது எந்த எழுத்துப்பிழையையும்விடப் பெரிய நஷ்டம்.

இரண்டாம் வகை, ஒலி நெருங்கிய எழுத்துகள்: ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. நாக்கை எங்கே வைப்பது என்று காட்டிச் சொல்லிப் பழக்குவது நல்லதுதான். ஆனால் பேச்சில் ர, ற வேறுபாடு பல இடங்களில் மங்கிவிட்டது. ழ பலர் வாயில் ளவாகிவிட்டது. ஆக உச்சரிப்பை மட்டும் நம்பினால் போதாது. சொல்லின் அமைப்பு கைகொடுக்கும். பன்மையைக் காட்டும் "கள்" எப்போதும் ள். வீட்டில், பள்ளியில் என்று இடத்தைக் காட்டும் "இல்" எப்போதும் ல். வருகிறான், போகிறது என்று நிகழ்காலத்தில் வரும் "கிற" எப்போதும் ற. ஆண்பாலுக்கு ன், பெண்பாலுக்கு ள்: வந்தான், வந்தாள். மரியாதைக்கு வரும் "ஆர்" எப்போதும் ர். இந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டாலே ஒரு பக்கத்தில் வரும் ல, ள, ர, ற சந்தேகங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ந, ன, ண மூன்றுக்கும் பல நேரம் இடமே வழிகாட்டும். சொல்லின் முதலில் ந. த முன்னால் ந்: பந்து. ற முன்னால் ன்: கன்று. ட முன்னால் ண்: வண்டி. ஐந்தாறு சொல்லைப் பலகையில் எழுதி, "ட பக்கத்துல யார் நிக்கிறாங்க?" என்று கேளுங்கள். குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்ததை மறக்கவும் மாட்டார்கள்.

மூன்றாம் வகை, எங்கே மெய் இரட்டிக்கும் என்ற குழப்பம். முயற்ச்சி, காட்ச்சி, கற்க்க என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு வல்லின மெய் வராது: முயற்சி, பயிற்சி, காட்சி, கற்க. ய், ர், ழ் பின்னால் வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. இதை மூன்றாம் வகுப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களுக்கு நடுவே வரும் வல்லின மிகல் இன்னும் பிறகு. முதல் வகுப்பில் அதைத் திருத்த உட்கார்ந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

புதிய சொல்லை எழுதிப் பழக ஒரு முறை: பார்க்க வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும், கையால் மூட வேண்டும், நினைவிலிருந்து எழுத வேண்டும், திறந்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவது குழந்தையின் வேலை, உங்களுடையது இல்லை. சொல்வதை எழுதும் பயிற்சிக்கு நீங்கள் ஏற்கெனவே சொல்லித்தந்த எழுத்துகளில் அமைந்த சொற்களையே கொடுங்கள்.

ஏழாம் படி: சொந்தமாக எழுதுவது

எல்லா எழுத்தும் வந்த பிறகுதான் சொந்தமாக எழுத விட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் படம் வரையட்டும். படத்தைப் பற்றிக் குழந்தை சொல்வதை நீங்கள் அதன் கண்முன் எழுதுங்கள். தான் பேசியது எழுத்தாக மாறுவதை அது பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சொல்லை அதுவே எழுதட்டும், பிறகு ஒரு வரி.

ஒரு நாள் இப்படி ஒரு வரி கிடைக்கும்: "நா பாட்டி வீட்டுக்கு போனே. அங்க ஒரு நாய் குட்டி இருந்துச்சி." முதலில் என்ன சொல்வீர்கள்? "நாய்க்குட்டி என்ன கலர்? உன்னைப் பாத்து என்ன பண்ணுச்சு?" இதுதான் முதல் பேச்சாக இருக்க வேண்டும். நாம் எழுதியதை ஒருவர் வாசித்தார், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார் என்பதற்காகத்தான் யாருமே எழுதுகிறோம். குழந்தை பதில் சொன்னதும், "அதையும் எழுதேன்" என்று சொல்லுங்கள். எழுத்து நீளும்.

திருத்தம் அதன் பிறகு, அதுவும் ஒரே வகை. மேலே உள்ள வரியில் "நா", "போனே" இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை. பேச்சில் சொல்லின் கடைசி ன் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. குழந்தைக்கு அது ஓர் எழுத்தாகக் கேட்கவில்லை. ஆக இன்றைக்கு அது மட்டும்: நான், போனேன். மெதுவாக, கடைசியை அழுத்திச் சொல்லிக் காட்டுங்கள். வந்தேன், பார்த்தேன், அவன் என்று இன்னும் நாலைந்து சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "அங்க", "இருந்துச்சி", "வீட்டுக்கு" பின்னால் விட்டுப்போன ப், எல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் தரையில் பதியும்படி உட்கார வேண்டும், நோட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம், பென்சில் மிகச் சின்னதாகத் தேயும் முன் மாற்றுங்கள். எழுத்தை எங்கே தொடங்குகிறது என்று மட்டும் ஆரம்பத்திலேயே கவனியுங்கள். கீழிருந்து மேலே எழுதிப் பழகிய கையைப் பிறகு மாற்றுவது சிரமம். இடது கைக் குழந்தையை வலது கைக்கு மாற்றாதீர்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது ஐந்து, ஆறு வயதில் சகஜம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வாசிப்பில் தடை தொடர்ந்தால் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சளியால் காது அடைத்துக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு ண்டவும் ட்டவும் ஒன்றாகக் கேட்கலாம். பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் குழந்தை வாசிக்கத் தெரியாமல் முழிக்கவில்லை, பலகையே அதற்குத் தெரியாமல் இருக்கலாம்.

கண்ணும் காதும் சரி, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறோம், பேச்சில் படுசுட்டி, இருந்தும் நேற்றுப் படித்த எழுத்து இன்று நினைவில் இல்லை, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறது, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இதே சிரமம் இருந்தது என்றால் அது டிஸ்லெக்ஸியாவாக, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் சிரமமாக இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோம்பலும் இல்லை. நீங்களாக முடிவு கட்டாமல், குழந்தைகளின் கற்றல் சிரமங்களை மதிப்பிடும் உளவியலாளரிடமோ சிறப்பாசிரியரிடமோ அனுப்புங்கள். போகும்போது குழந்தையின் நோட்டுகளைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், முக்கியமாகத் திருத்தாத பக்கங்களை. மதிப்பிடுபவர் பார்க்க வேண்டியது குழந்தையின் கை எழுதியதை, உங்கள் சிவப்பு மையை அல்ல. பெற்றோர் வேறு வகுப்புப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசினால் அதைக் குழந்தையின் காதில் விழாத இடத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டின் முடிவு வரும் வரை வாசித்துக் காட்டுவதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். எழுத்து வரத் தாமதமானாலும் கதை கேட்டுக் கேட்டு மொழி வளர்ந்துகொண்டே இருக்கும்.